சொல்லாமற் குடிபுகுந்த கணினி

சென்ற வாரம் எமக்குக் கிடைத்த கடிதங்களுள் ஒன்று நம் மனத்தைத் தொட்டது. எழுதியவர் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர். அவருடைய பாடசாலையில் பழைய வினாத்தாள்களைச் சேமித்து வைத்திருந்த கணினி திடீரெனச் செயலிழந்தது. நல்ல வேளையாக, அவற்றின் பிரதிகள் அதே ஆய்வுகூடத்திலிருந்த ஒரு லினக்ஸ் கணினியில் இருந்தன. பழைய கணினியின் விலாசமாகிய 192.168.10.5 என்பதை, இந்த இரண்டாங் கணினிக்கு மேலதிக விலாசமாக மாணவர் சூட்டினார். விலாசம் மாறாவிட்டால் ஒருவருக்கும் சிரமமிராது என்பது அவர் எண்ணம்.

ஆய்வுகூடத்தில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. ஆனால், ரவுட்டருக்கு அப்பால் வேறொரு வலையமைப்பிலிருந்த நூலகக் கணினிகளுக்கு ஒரு தாளேனும் கிட்டவில்லை. பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தோர் வெறுங்கையோடு திரும்பினர். "நீ தொட்டதனாற்றான் கெட்டது" என்ற பழி மாணவர்மீது விழுந்தது. மறுநாட் காலையிலோ, எவரும் ஒன்றுஞ் செய்யாமலே யாவுஞ் சீராயின. "நான் செய்த பிழை யாது?" என்று அவர் வினவுகிறார்.

விடையைக் காண்போம். ஒவ்வொரு வலை அட்டைக்கும் 48 பிட் கொண்ட தனி எண் ஒன்று உண்டு. ஒரே வலையமைப்பினுள் செய்திகள் அந்த எண்ணை நோக்கியே செல்கின்றன. ஆகவே, 192.168.10.5 என்னும் விலாசத்துக்குச் செய்தி அனுப்ப விரும்பும் கருவி, "இவ்விலாசத்துக்கு உரியவர் யார்?" என்று எல்லாரையும் நோக்கிக் கேட்கும். உரிய கணினி தன் அட்டையின் எண்ணைப் பதிலாகக் கூறும். 'ஆர்ப்' எனப்படும் இந்நெறியை டேவிட் பிளம்மர் என்பவர் 1982 நவம்பரில் வகுத்தார்.

ஒவ்வொரு முறையும் கேட்பது வீண்வேலையாதலின், பெற்ற பதிலைக் கருவிகள் சிலகாலம் நினைவில் வைத்திருக்கும். சாதாரணக் கணினி ஏறத்தாழ ஒரு நிமிடத்துள் தன் நினைவைச் சரிபார்த்துக்கொள்ளும். ரவுட்டர்கள் சிலவோ 4 மணி நேரம் வரையிற் பழைய பதிலையே நம்பியிருக்கும். நூலகத்திலிருந்து வந்த கோரிக்கைகளை அந்த ரவுட்டர், இறந்துபோன கணினியின் அட்டைக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. இரவில் நினைவின் தவணை முடிந்தது. அது மீண்டுங் கேட்டது. புதிய பதிலும் கிடைத்தது. மறுநாள் நிகழ்ந்த அற்புதம் இதுவே.

லினக்ஸில் 'ஐபி' கட்டளையால் மேலதிக விலாசம் ஒன்றைச் சேர்க்கும்போது, அது தானாக அயலாருக்கு அறிவிப்பதில்லை. அறிவிக்கும் பொறுப்பு நம்முடையது.

இத்தகைய தடுமாற்றம் நேர்ந்தால், முதலில் அந்த லினக்ஸ் கணினியில் 'டிசிபிடம்ப்' கட்டளையைச் சிறிய 'ஈ' எழுத்தோடு இயக்கி, நூலகத்திலிருந்து ஒருவரை முயலச் சொல்லுக. கோரிக்கை வராவிட்டாலும், வந்தும் அதன்மேற் பழைய அட்டையின் எண்ணே காணப்பட்டாலும், ரவுட்டரின் நினைவையே ஐயுறுக. நம் அட்டையின் எண்ணோடு கோரிக்கை வந்துஞ் சேவை நடவாவிடில், கோளாறு வேறிடத்தில் உள்ளது.

அடுத்து, 'ஆர்பிங்' கட்டளையைப் பெரிய 'டீ' எழுத்தோடு இயக்கி, அதே விலாசத்தை வேறெவரும் வைத்திருக்கவில்லை என்று உறுதிசெய்க. பின்னர் பெரிய 'யூ' எழுத்தோடு, வலை அட்டையின் பெயரையும் விலாசத்தையும் கொடுத்து மூன்று முறை அறிவித்தாற் போதும். பெரும்பாலான ரவுட்டர்கள் அக்கணமே தம் நினைவைத் திருத்திக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கையுங் கூறவேண்டும். இவ்வறிவிப்பின் உண்மையைச் சோதிக்கும் வழி ஆர்ப் நெறியில் இல்லை. பிறருடைய விலாசத்தைத் தனதென்று அறிவித்து, அவர்களுக்குரிய செய்திகளைக் கவரும் தீயோரும் உளர். ஆதலின் நமக்குரிய விலாசத்தை மட்டுமே, பொறுப்பாளரின் அனுமதியோடு அறிவித்தல் வேண்டும்.

தம்பி, நீர் எதையுங் கெடுக்கவில்லை. குடிபுகுந்த செய்தியை அயலாருக்குச் சொல்ல மறந்தீர், அவ்வளவே. உம்மைக் கடிந்தவர்களிடம் இப்பகுதியைக் காட்டும். அடுத்த முறை அறிவிப்பையும் நீரே அனுப்பிவிடும்.