ஏழு பாட்டும் ஒரு வீடும்

தில்லியின் ‘இந்தியன் ஓஷன்’ ராக் இசைக்குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கண்டீசா’ இசைத்தொகுப்பை, அண்மையில் நாரந்தனையில் நண்பர் சிலருடன் ஒவ்வொரு பாட்டாய் மீண்டும் கேட்டேன். ஏழு பாட்டும் ஏழு திசை. ‘மா ரேவா’ நருமதையைத் தாயெனப் போற்றுகிறது. ‘ஹில்லேலே’ உழவர் எழுச்சியைப் பாடுகிறது. தலைப்புப் பாட்டோ கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவரின் பழைய அரமேய வழிபாட்டிலிருந்து வந்தது. இக்கலவையில் ஒருமை ஏது என்று முன்னர் நான் குறை கூறியதுண்டு.

‘லீவிங் ஹோம்’ ஒலித்தபோது அக்குறை கரைந்தது. வீட்டைப் பிரிதல் என்பது அத்தலைப்பின் பொருள். இசையில் சொற்கள் இல்லை. 1990இல் தீவைவிட்டு இடம்பெயர்ந்த நண்பர் ஒருவர் அதை மறுமுறையும் கேட்க விரும்பினார். ஆறு, வயல், வழிபாடு, வீடு: இழக்கலாகாத இவையே தொகுப்பின் ஒருமை என அன்று உணர்ந்தேன்.

மாணவர்காள், பிடித்ததை மட்டும் பொறுக்காது முழுவதையும் இருந்து கேளுங்கள். ஒதுக்கிய பாட்டே நமக்குரியதாய் இருத்தல் கூடும்.