மலைராஜா பட்டம் எதுக்கு பாஸ்?

"அண்ணா... என்னைய எவளோ நாலு செகண்ட்ல முந்திட்டாண்ணா!"

ராத்திரி பதினொன்றரை மணிக்கு போன். சித்தி பொண்ணு. கோவையில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம், ஹாஸ்டல் வாசம். குரலைக் கேட்டதும் இன்டர்னல் மார்க் மேட்டர்னுதான் நினைச்சேன். இல்லை மக்களே... சைக்கிள்!

போன தீபாவளிக்கு சித்தப்பா ஒரு செகண்ட் ஹேண்ட் கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு மணிக்கு அவளும் ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் கிளம்பி, பேரூர் தாண்டி, சிறுவாணி ரோட்டில் ஆலாந்துறை வரைக்கும் போயிட்டு வருவாங்க. எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை, ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுவில் ஒரு டீக்கடை. வேற என்ன வேணும் சொல்லுங்க?

ஆரம்பத்தில் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் பஜ்ஜி போட்டோதான். அப்புறம் யாரோ ஒரு சீனியர் அவள் போனில் ஒரு ஆப்பை ஏத்திவிட்டார். நாலே வாரம்! பஜ்ஜி போட்டோ நின்னு போச்சு, ஸ்க்ரீன்ஷாட் வர ஆரம்பிச்சது. 'ஆவரேஜ் 19.2ண்ணா.' அடுத்த வாரம் 20.1. அதுக்கடுத்த வாரம் வந்த மெசேஜ்தான் என்னைக் கவலைப்பட வெச்சது: 'இன்னிக்கு டீக்கடையில நிக்கலைண்ணா, நின்னா டைம் போயிடும்.'

அடிப்பாவி, அந்த ரோட்டுக்குப் போனதே டீக்கடைக்காகத்தானே!

"சரி கண்ணு, இப்ப என்ன பண்ணலாம்ங்கறே?"ன்னு கேட்டேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா சொன்னாள்... "எவ்வளவு தூரம் போனேன், எந்த வழியா போனேன்னு தெரிஞ்சா போதும்ணா. யாரையும் ஜெயிக்க வேணாம். அப்படி ஒரு ஆப் இருக்கா?"

இருக்கு. அதுதான் இந்த வார மேட்டர்.

முதல்ல அந்த நாலு செகண்ட் எங்கிருந்து வருதுன்னு பார்த்துடுவோம். போனில் இருக்கிற ஜி.பி.எஸ். சிப், செயற்கைக்கோள்களில் இருந்து வரும் சிக்னலை வெச்சு நீங்க இருக்கிற இடத்தைக் கணக்குப் போடுது. வானம் நல்லா தெரியற இடத்திலேயே அது சுமார் 5 மீட்டர் முன்னே பின்னே இருக்கும். மரத்தடி, கட்டட ஓரம்னா இன்னும் மோசம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போற சைக்கிள், ஒரு செகண்டில் ஐந்தரை மீட்டர் தாண்டும். அப்ப, ஆரம்பக் கோட்டுல ஒரு செகண்ட், முடிவுக் கோட்டுல ஒரு செகண்ட் போன் தானாவே கூட்டிக் குறைச்சிடலாம். ஜெயிச்சவளுக்கும் இதே கதைதான். ஆக, பதினொன்றரை மணிக்கு நம்ம தூக்கத்தைக் கெடுத்த நாலு செகண்ட் மொத்தமுமே சிக்னல் செஞ்ச கைங்கரியமா இருக்கலாம்!

இந்த ஏரியாவில் பெரிய கை, ஸ்ட்ராவா. 2009-ல் அமெரிக்காவில் ஆரம்பிச்சது. ரோட்டைத் துண்டு துண்டா நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் 'செக்மென்ட்'னு பேர் வெச்சாங்க. ஒரு துண்டை யார் சீக்கிரம் கடக்கறாங்களோ, அவங்களுக்கு 'கிங் ஆஃப் த மவுன்டன்' பட்டம். பெண்கள்னா 'குயின்'. நம்ம பாஷையில் மலைராஜா, மலைராணி. தஞ்சாவூர் மாதிரி தட்டையான ஊரில் ஓட்டினாலும் நீங்க மலைராஜாதான், அது தனி காமெடி. வேகமா ஓட்ட முடியாதவங்க பாவமாச்சேன்னு 2020-ல் 'லோக்கல் லெஜண்ட்'னு இன்னொண்ணும் வந்தது. 90 நாளில் ஒரே துண்டை யார் அதிக தடவை ஓட்டறாங்களோ, அவங்களுக்கு அந்தப் பட்டம். ஓட்டுனா போதும்னு இருந்தவனையும் எண்ண வெச்சாச்சு!

போட்டியே தப்புன்னு நான் சொல்ல வரலை. ரேஸுக்குப் பயிற்சி எடுக்கறவங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைதான். ஆனா ரேஸ்னா ரோட்டை மறிச்சுடுவாங்க. சிறுவாணி ரோட்டை யார் மறிச்சாங்க? டவுன்பஸ் வரும், தென்னை மட்டை ஏத்தின டெம்போ வரும், கோயிலுக்குப் போற பாட்டி குறுக்கே வருவாங்க.

2010 ஜூனில் அமெரிக்காவில் பெர்க்லி மலைச்சரிவில் இப்படி ஒரு சம்பவம் நடந்தது. தன் கையில் இருந்த மலைராஜா பட்டம் இன்னொருத்தருக்குப் போனதைப் பார்த்த ஒருத்தர், அதைத் திரும்பப் பிடிக்க இறக்கத்தில் வேகமா இறங்கினார். எதிரே கார். பிரேக் அடிச்சார், சைக்கிள் புரண்டது, உயிர் போயிடுச்சு. குடும்பத்தினர் 2012-ல் ஸ்ட்ராவா மேல வழக்குப் போட்டாங்க. சைக்கிள் ஓட்டுறதுல இருக்கிற ஆபத்து தெரிஞ்சுதான் அவர் ஓட்டினார்னு 2013-ல் கோர்ட் வழக்கைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. ஆபத்தான துண்டுகளை இப்ப யார் வேணும்னாலும் 'டேஞ்சர்'னு குறிச்சு வைக்கலாம். அதுக்கப்புறம் அந்தத் துண்டுக்கு ரேங்க் காட்ட மாட்டாங்க.

கோர்ட் சொன்னது சரியா தப்பான்னு வக்கீலுக்குப் படிக்கற ஃப்ரெண்ட்ஸ் விவாதம் பண்ணிக்கங்க. எனக்கு அதைப் படிச்சப்போ வேற ஒரு ஞாபகம்தான் வந்தது. இதுவரைக்கும் வெளியே சொன்னதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஈரோட்டில் வேலை. எனக்கும் ஒரு ஆப், எனக்கும் பவானி ரோட்டில் ஒரு துண்டு. பதினொரு செகண்ட் குறைச்சா முதல் பத்துக்குள்ள வந்துடுவேன். ஒரு காலையில் செம வேகம்... இன்னிக்கு அடிச்சிடலாம்னு தலையைக் குனிஞ்சு மிதிச்சேன். இடது பக்க சந்திலிருந்து ஒரு பெரியவர், கேரியரில் ரெண்டு பால் கேனோட சைக்கிளை உருட்டிக்கிட்டு ரோட்டுல ஏறினார். நான் ஒடிச்சேன், ஹேண்டில்பார் உரசினது. அவர் சைக்கிளோட சாய்ஞ்சுட்டார். ஒரு கேன் மூடி தெறிச்சு, பால் தார் ரோட்டில் ஓடுச்சு.

நான் முதல்ல பார்த்தது அவரை இல்லை. போனை. ரெக்கார்டிங் நிக்காம ஓடுதான்னு!

அப்புறம்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கையில் சிராய்ப்பு, வேற ஒண்ணும் இல்லை. பாலுக்குப் பணம் கொடுத்தேன், பாதிதான் வாங்கினார். வேட்டியைத் தட்டிக் கட்டிக்கிட்டே கேட்டார், "ஏந்தம்பி, அப்படி என்ன அவசரம்?" என்னன்னு சொல்லுவேன்? ஆப் மேல பழி போட முடியாது. மிதிச்சது என் கால்தான். ஆனா அன்னிக்கு சாயங்காலம் அந்த ஆப்பை எடுத்துட்டேன்.

"ஏன் எடுக்கணும்? செட்டிங்ஸ்ல போட்டியை ஆஃப் பண்ணிக்கலாமே"ன்னு கேட்பீங்க. கரெக்ட். ஸ்ட்ராவாவிலேயே உங்க ரைடை 'எனக்கு மட்டும்'னு வெச்சா ரேங்க் பட்டியலில் பேர் வராது. அதில் பழகிட்டவங்க, ஃப்ரெண்ட்ஸ் கூட்டமே அங்கதான் இருக்குங்கறவங்க அப்படியே செய்யலாம். என்னால முடியலை. டயட்ல இருக்கறவன் ரூம்ல மிக்சர் பாக்கெட்டை வெச்சுக்கிட்டு, பிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ற கதையா ஆயிடும் எனக்கு.

அந்த 'எனக்கு மட்டும்' விஷயத்தை ஹாஸ்டல் பெண்கள் கொஞ்சம் கவனமா படிங்க. ரைடு எங்க ஆரம்பிக்குதுன்னு மேப்பில் ஒரு புள்ளி விழும். எங்க ஆரம்பிக்குது? உங்க ஹாஸ்டல் கேட்டில். எத்தனை மணிக்கு? ஒவ்வொரு ஞாயிறும் ஆறு மணிக்கு. முகம் தெரியாத ஆளுக்கு இதைவிட என்ன தகவல் வேணும்? 2018 ஜனவரியில் ஸ்ட்ராவாவின் உலக மேப்பைப் பார்த்துக்கிட்டிருந்த நேதன் ரூசர்ங்கற 20 வயசு ஆஸ்திரேலிய மாணவர், சிரியா பாலைவனத்துக்கு நடுவில் வெளிச்சக் கோடுகள் தெரியுதேன்னு ட்விட்டரில் எழுதினார். பார்த்தா, அமெரிக்க ராணுவ முகாமில் வீரர்கள் ஜாகிங் போன தடம்! பேர் எதுவும் இல்லாம, தடங்களை மொத்தமா சேர்த்துப் போட்ட மேப்பே முகாமைக் காட்டிக் கொடுத்தது. ஆரம்ப இடத்தை மறைக்கிற வசதி பல ஆப்ல இருக்கு. அதைத் தேடி ஆன் பண்ணாம பப்ளிக்கா போட்டுடாதீங்க.

சரி, தங்கச்சிக்கு என்ன சொன்னேன்? ஒரு ஆப்பைத் தொடறதுக்கு முன்னாடி நான் பார்க்கறது ஒரே விஷயம்தான். அக்கவுன்ட் இல்லாம ஓடுமா? மெயில் ஐ.டி.யே கேட்காத ஆப்புக்கு நீங்க யாருன்னே தெரியாது. அப்புறம் உங்களை யாரோட ஒப்பிட்டு ரேங்க் போடும்? லாக்இன் கேட்கலைன்னாலே பாதி போட்டி ஒழிஞ்சது.

ஆண்ட்ராய்டு வெச்சிருக்கறவங்களுக்கு என் ஓட்டு 'ஓபன் டிராக்ஸ்'. எஃப்-டிராய்ட் தளத்தில் இலவசமா கிடைக்கும். விளம்பரம் இல்லை, அக்கவுன்ட் இல்லை. இன்டர்நெட் பெர்மிஷனே கேட்காத ஆப் அது. அது நினைச்சாலும் உங்க தடத்தை வெளியே அனுப்ப முடியாது! தூரம், நேரம், வேகம், ஏற்றம் எல்லாம் குறிக்கும். திரையில் எது தெரியணும்னு நாமே மாத்திக்கலாம். நான் வேகத்தைத் தூக்கிட்டேன், தூரமும் நேரமும் மட்டும். கூடவே சின்னதா ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம். ஒரே குறை, உள்ளே மேப் கிடையாது. தடத்தை மேப்பில் பார்க்கணும்னா 'ஆஸ்ம்அண்ட்' மாதிரி வேற ஆப்பில் திறக்கணும்.

ஐபோன் பார்ட்டிகள் நேராவே ஆஸ்ம்அண்டுக்குப் போயிடலாம். அது 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்'பை வெச்சு ஓடற ஆப். மேப்பை ஒருதடவை இறக்கிட்டா, மலையடிவாரத்தில் டவர் இல்லாத இடத்திலும் வழி காட்டும். போற தடத்தையும் பதிவு பண்ணும். ஆனா மெனுவைப் பார்த்தா முதல் நாள் தலை சுத்தும், பொறுத்துக்கங்க.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். ரைடு தடத்தை ஜி.பி.எக்ஸ்.ங்கற ஃபைலா வெளியே எடுக்க முடியணும். பல மேப் ஆப்புகள் படிக்கிற பொதுவான ஃபைல் அது. ஏன்னா, ஆப்புகளுக்கு ஆயுசு கெட்டி கிடையாது. கூகுளோட 'மை டிராக்ஸ்' 2016 ஏப்ரல் 30-ல் மூடியாச்சு. ஒரு காலத்தில் ஓட்டம், சைக்கிள்னா எல்லார் வாயிலும் வந்த 'எண்டோமோண்டோ' 2020 டிசம்பர் 31-ஓட க்ளோஸ். ஃபைலை எடுத்து வெச்சவங்க தப்பிச்சாங்க. (சுவாரஸ்யம் என்னன்னா, மை டிராக்ஸ் செத்தாலும் அதோட புரோகிராம் எல்லாருக்கும் திறந்து கிடந்தது. அதை எடுத்து வளர்த்ததுதான் ஓபன் டிராக்ஸ்!)

இன்ஸ்டால் பண்ணின முதல் நாள் ஒரு பல்பு வாங்குவீங்க. வளைஞ்சு வளைஞ்சு ஓட்டின ரோடு, மேப்பில் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி குறுக்கே போகும். போன்தான் பேட்டரியை மிச்சம் பிடிக்கறேன்னு ஆப்பைத் தூங்க வெச்சுடுச்சு. பேட்டரி செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துடுங்க. தனியா போற ரைடுன்னா, வீட்டில் ஒருத்தருக்கு வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் ஒரு மணி நேரத்துக்கோ எட்டு மணி நேரத்துக்கோ போட்டுட்டுக் கிளம்புங்க. ஊருக்கே தெரிய வேணாம், அம்மாவுக்குத் தெரிஞ்சா போதும்.

போனே வேணாம்ங்கறவங்களுக்கும் வழி இருக்கு. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சைக்கிளை ஒரு சுத்து உருட்டி டேப்பால் அளங்க. பெரிய சக்கரம்னா 2.1 மீட்டர் பக்கம் வரும். அந்த அளவை ஒரு சைக்கிள் மீட்டரில் ஏத்தினா, சக்கரத்தில் கட்டின காந்தம் ஒவ்வொரு சுத்தையும் எண்ணித் தூரத்தைச் சொல்லிடும். சாட்டிலைட்டும் வேணாம், சார்ஜரும் வேணாம். எங்கம்மா பால் கணக்கு எழுதற மாச காலண்டரில் நான் ஒரு வருஷம் கிலோமீட்டர் எழுதி வெச்சிருக்கேன். 14-ம் தேதி 'அரை லிட்டர் கூட'ங்கறதுக்குக் கீழே '31 கி.மீ.'

தங்கச்சி ஓபன் டிராக்ஸுக்கு மாறி மூணு வாரம் ஆச்சு. முதல் வாரம் "போர் அடிக்குதுண்ணா, யாருமே லைக் போடலை"ன்னு சிணுங்கினாள். ரெண்டாவது வாரம் சத்தமே இல்லை. சரி, பழைய ஆப்புக்கே போயிட்டாள் போலன்னு நானும் கேட்கலை. போன ஞாயிறு மத்தியானம் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. தூரம் 38 கி.மீ., நேரம் நாலே கால் மணி நேரம். கீழே குறிப்பு எழுதற இடத்தில் இப்படி:

'டீ 2. பஜ்ஜி 3. நொய்யல்ல தண்ணி வந்துருச்சு.'