உள்ளத்தின் நோயும் இல்லத்தின் கடமையும்



கார்மேல் மலையில் நானூற்று ஐம்பது பொய்வாக்கினரைத் தனித்து நின்று எதிர்கொண்டவர் எலியா. அதே எலியா பின்னர் பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு இறைவனிடம் மன்றாடினார் (1 அரசர் 19). இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நம்பிக்கை குன்றியவர் என்று பழிக்கவும் இல்லை. தம் தூதரை அனுப்பி அப்பமும் நீரும் கொடுத்தார். உறங்கவிட்டு, மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். பின்னர் எலிசாவைத் துணையாகவும் தந்தார். சோர்ந்த உள்ளத்தை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

உள்ளத்தின் நோய் எங்கோ எவருக்கோ வருவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், 2019ஆம் ஆண்டில் உலக மக்களுள் எட்டுப் பேரில் ஒருவர், அதாவது ஏறத்தாழ 97 கோடிப் பேர், ஏதேனுமொரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. 2025இல் அத்தொகை 100 கோடியைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. இவர்களுள் பெரும்பாலோர் வயதுவந்தோரே. மனச்சோர்வும் மனப்பதற்றமுமே மிகப் பரவலான நோய்கள். இக்கணக்கின்படி பார்த்தால், ஞாயிறு திருப்பலிக்கு நூறு பேர் கூடும் ஆலயத்தில் பன்னிருவரேனும் இச்சிலுவையைச் சுமந்துகொண்டிருக்கக்கூடும்.

புசல்லாவையைச் சூழ்ந்த தோட்டங்களில், லயத்து அறைகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு வீட்டுக் காய்ச்சல் அடுத்த வீட்டிற்கு உடனே தெரிந்துவிடும்; இந்நோய் மட்டும் மறைக்கப்படுகிறது. உறக்கமின்றித் தவிக்கும் தாயின் நிலை 'யோசனை கூடிவிட்டது' என்ற சொல்லோடு முடிகிறது. தந்தையின் துயரம் மதுவுக்குள் ஒளிந்துகொள்கிறது. மகளின் திருமணம் தடைப்படுமோ என்ற அச்சம் வீட்டாரின் வாயை அடைக்கிறது. செய்வினை என்றும் பாவத்தின் தண்டனை என்றும் பேசி மாதங்கள் கழிகின்றன. பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் குறித்துச் சீடர்கள் இவ்வாறே வினவியபோது, அவரோ அவருடைய பெற்றோரோ செய்த பாவம் அதற்குக் காரணமன்று என ஆண்டவர் தெளிவுபடுத்தினார் (யோவான் 9). அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. குணமளிக்கும் வழிபாட்டில் பங்கேற்று மன அமைதி பெற்றதும், மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைச் சிலர் நிறுத்திவிடுகின்றனர். நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பும்போது, தங்கள் விசுவாசம் குறைவுபட்டதென்று வருந்துகின்றனர். இது அவர்கள்மேல் ஏற்றப்படும் இரண்டாவது சுமை. இறைவனிடம் மன்றாடுமாறும் மருத்துவருக்கு இடம் கொடுக்குமாறும் சீராக்கின் ஞானநூல் ஒருங்கே அறிவுறுத்துகிறது (சீராக் 38). திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2006ஆம் ஆண்டின் உலக நோயாளர் தினச் செய்தியை மனநோயுற்றோருக்கெனவே அர்ப்பணித்தார். செபமாலையும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மருந்தைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை மருத்துவரே முடிவுசெய்யட்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதிய சட்டத்தை நம் நாடு 1998இல் நீக்கியது. கடும் உளக்குழப்பமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் எனத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் போதிக்கிறது. ஆகவே, 'சாகலாம் போலிருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அதட்டாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள்.

கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் உளமருத்துவச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். கிளினிக்கிற்குச் செல்ல ஒரு நாள் பேரை இழக்க வேண்டியிருக்கும் என்பது உண்மையே. அங்கேதான் அயலாரின் அன்பு செயலாக வேண்டும். நோயாளருடன் ஒருவர் பேருந்தில் செல்லட்டும். மற்றொருவர் அவ்வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். அன்பியம் பயணச் செலவைப் பகிர்ந்துகொள்ளட்டும்.

எலியாவுக்கு வானதூதர் கொண்டுவந்தது பேருரையன்று, அப்பமும் நீருமே. நம் இல்லத்திலோ அயலிலோ சோர்ந்திருக்கும் ஒருவருக்கு இவ்வாரம் நாம் அத்தகைய தூதராவோம். துன்புறுவோரின் ஆறுதலான அன்னை மரியா நமக்குத் துணைநிற்பாராக!