எட்டு மணிக்கு மூடும் மருத்துவமனை, எட்டரைக்கு முடியும் ஷிப்ட்

திருப்பூரில் உழைக்கும் குடும்பத்துக் குழந்தைக்குச் சளி பிடித்தால், பெரும்பாலும் முதல் மருத்துவர் மெடிக்கல் ஷாப்காரர்தான். உடனே 'விழிப்புணர்வு இல்லாத சனங்க' என்று ஆரம்பிப்பவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. 2023-இல் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்களின் நேரம் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. நல்ல திட்டம், மருந்தும் இலவசம். ஆனால் பிசிறு வெட்டும் தாய் கம்பெனி வாசலைத் தாண்டும்போது அது பூட்டிக் கிடக்கும். அரை ஷிப்டை விட்டுவிட்டு வந்தால் சனிக்கிழமை சம்பளத்தில் அடி விழும். இருமல் டானிக் என்பது அவளுக்குக் கிடைக்காத விடுப்புக்குப் பதிலாக விற்கப்படும் சரக்கு. பிள்ளை தூங்கினால்தான் அவள் காலையில் மிஷின் பக்கம் போக முடியும்.

அந்தச் சரக்கின் விலையை 2025-இல் பார்த்தோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிப் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு அதில் 48.6 விழுக்காடு இருந்தது. இரண்டு வயதுக்குள் சளி, இருமல் மருந்தே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்று ஒன்றிய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. நச்சு கலக்காத டானிக்கும் சளியைக் குணமாக்குவதில்லை. பெரும்பாலான சளி வைரஸால் வருவது, தானே போய்விடும். ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாம், அதற்குள் கூடாது.

பயப்பட வேண்டியது மூச்சின் வேகத்தைப் பார்த்து. பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலே நிமோனியாவாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, நேராகப் பெரியாஸ்பத்திரி. மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலும் காத்திருக்கக் கூடாது. பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால், உதடு நீலம் பாய்ந்தால் 108. ஸ்டெதாஸ்கோப் வேண்டாம், செல்போன் கடிகாரம் போதும். உலக சுகாதார நிறுவனம் கிராமப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். நிமோனியாவுக்கு மருத்துவர் அளவு குறித்துத் தரும் அமாக்சிசிலின் மலிவான மருந்து. சொன்ன நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும்.

இழுப்பு வேறு சங்கதி. திரும்பத் திரும்ப வீசிங் வரும் பிள்ளைக்கு, குடுவை பொருத்திய இன்ஹேலர்தான் நேராக நுரையீரலுக்குப் போகும், மருந்தின் அளவும் குறைவு. அடிமையாகிவிடும் என்பது புரளி. (பெண் பிள்ளை என்றால் 'நாளைக்குக் கல்யாணம்' என்று இன்ஹேலரை ஒளித்துவைக்கும் வீடுகளும் உண்டு.)

இதில் சாதி எங்கே என்று கேட்கலாம். நெருக்கடியும் அடுப்புப் புகையும் நிமோனியாவை வளர்ப்பவை. சாதி கேட்டு வாடகை வீடு மறுக்கப்படும் ஊரில் அருந்ததியர் குடும்பமும், ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பமும் ஒற்றை அறை லைன் வீட்டில் வந்து முடிகின்றன. பிசிறு வெட்டுவதும் சமைப்பதும் தூங்குவதும் அதே அறையில்தான். அம்பேத்கர்–ரமாபாய் இணையருக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் தப்பியது யஷ்வந்த் ஒருவர்தான் என்பதை நாம் அவருடைய சொந்தத் துயரமாக மட்டுமே படித்துவருகிறோம்.

நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் இலவசம்: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். ஊருக்கும் திருப்பூருக்கும் அலையும் குடும்பங்களில் இதுதான் விடுபடும். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. உங்கள் கம்பெனியில் அது பெயருக்குப் பூட்டிக் கிடக்கும் அறையா என்று பாருங்கள். நலவாழ்வு மையங்களை பனியன் கம்பெனிப் பகுதிகளில் இரவு பத்து வரை திறந்துவைக்கச் சொல்லித் தொழிற்சங்கங்களும் நாமும் மாநகராட்சியிடம் கேட்போம். அதுவரை லைன் வீடுகளில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் மூச்சு எண்ணச் சொல்லிக்கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.