அறையைக் கேட்டு ஒலிபெருக்கி வாங்குங்கள்

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து வீடுகளில் பத்தடிக்குப் பத்தடி அறை சாதாரணம். உயரமும் பத்தடி என்றால் அது கனசதுரம். இசைக்கு இதைவிட மோசமான வடிவம் இல்லை. சாமான் இல்லாதபோது உள்ளே நின்று கைதட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலி நீடிக்கும். டைல்ஸ் தரையும் சிமென்டுச் சுவரும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன.

இந்த அறைக்கா அப்பா ஆளுயர ஒலிபெருக்கி வாங்கப் போகிறார்? வேண்டாம் என்பேன். பத்தடி இடைவெளியில் சுமார் 57 ஹெர்ட்ஸ் ஒலி நிலை அலையாகிறது. மூன்று பக்கமும் சமமானதால் மூன்று திசையிலும் அதே அதிர்வெண்தான்! மூலையில் வைத்த பெரிய பெட்டி அதையே கிளறிவிடும். சுவரோரம் அமர்ந்தால் 'கும்'மென்று காதை அடைக்கும். நடுவில் அமர்ந்தால் அந்த ஒலியே காணாமற்போகும்.

தொல்லை பழையதுதான். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபம் ஒன்றில், பேசிய சொல் ஐந்தரை விநாடி ஒலித்துக்கொண்டிருந்தது. சாபின் என்ற இயற்பியல் ஆசிரியர் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகக் கொண்டுவந்து அடுக்கி அளந்தார். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்தது.

ஆகவே முதலில் கனத்த திரை, பஞ்சு மெத்தை, புத்தக அலமாரி. ஆனால் மெத்தை 57 ஹெர்ட்ஸை அடக்காது. அதற்காகத்தான் சிறிய பெட்டி போதும் என்கிறேன். சுவரைவிட்டு இரண்டடி தள்ளி, காது உயரத்தில் வையுங்கள். பாட்டிக்குச் செய்தி புரியவில்லையென்று ஒலியைக் கூட்டாதீர்கள். முழக்கமும் சேர்ந்தே கூடும். பாட்டியின் நாற்காலியைப் பெட்டிக்கு அருகே நகர்த்துங்கள். அதற்குச் செலவே இல்லை.