விற்பவரின் வக்கீல் நம் வக்கீலாவாரா?

தோட்டத்தை விட்டு வெளியேறும் தொழிலாளி சேமநிதிப் பணத்தை நம்பித்தான் வீடு பேசுகிறார். “வக்கீல் செலவு எங்களைச் சேர்ந்தது” என்று வீடமைப்பு நிறுவனம் சொன்னவுடன் மனம் குளிர்ந்து விடுகிறது. குளிரக் கூடாது என்பதே நமது கருத்து. அவர் விற்பவரின் வக்கீல். நிறுவனத்துக்காக வேலை செய்யும் வக்கீல் வாங்குபவருக்கும் வக்கீலாக இருக்கக் கூடாதென்று 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 84-ஆம் பிரிவே கூறுகிறது. அப்படியானால் அந்த மேசையில் நம் பக்கம் பேச யார் இருக்கிறார்கள்?

பழைய வீடு வாங்குவதில் ஆபத்து இன்னும் பெரிது. நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பார்த்தால் சொந்தக்காரர் யார், வங்கியில் அடமானம் உண்டா, கேவியட் போடப்பட்டிருக்கிறதா, மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பதெல்லாம் தெரிந்துவிடும். 10 விழுக்காடு முன்பணம் கட்டுமுன் இதைச் செய்விக்க வேண்டும். கட்டிய பிறகு தேடுவது, பால் கொட்டிய பின் வாளியைக் கழுவுவது போல.

உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டதும் வீடு நம்முடையது என்று கிராணிமாரிலும் சிலர் நினைக்கிறார்கள். 14ஏ பாரம் பதிவாகி, பட்டாவில் நம் பெயர் ஏற வேண்டும். அதுவரை வக்கீலை மாதந்தோறும் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். 2023-ஆம் ஆண்டு ஆணையின் அட்டவணைப்படி முதல் 5 லட்சம் வெள்ளிக்கு 1.25 விழுக்காடு, 2 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 2,500 வெள்ளி. முத்திரை வரி தனி. தமிழ் பேசுகிறார் என்பது மட்டும் போதாது; நில மாற்று வேலை பழகியவரா என்று விசாரியுங்கள். பணத்தைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். வக்கீல் அலுவலகத்தில் கட்டி, ரசீது வாங்குங்கள்.