வன்னியின் தாள்கள் எங்கே?

வடக்கின் இதழியல் பற்றிய பேச்சுகளில் மூன்று வாசகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் வரும். வன்னிக்குப் பத்திரிகை வரலாறு இல்லை. இருந்த ஒன்றும் புலிகள் இயக்கத்தின் பிரசாரத் தாள். அதுவும் 2009 இல் அழிந்துவிட்டது. 1841 இன் உதயதாரகையில் தொடங்கி இந்துசாதனம், ஈழநாடு, உதயன் என்று குடாநாட்டுக்குள்ளேயே சுற்றி முடித்துவிடுவார்கள். ஆனையிறவுக்குத் தெற்கே எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்களே இருக்கவில்லைப் போலும்!

வன்னியின் கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல்தான். இன்று அதன் ஒரு பகுதியான கண்டாவளையும் அதுவரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. அதனால் 1889 இல் தொடங்கிய இந்துசாதனமும், கொழும்புத் தாள்களையே பார்த்திருந்த வடக்குக்காக 1959 இல் வந்த ஈழநாடும் கண்டாவளைக்கும் உரிய பத்திரிகைகளே. இரணைமடுத் தண்ணீர், குடியேற்றக் காணி, புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல் ஆகியவற்றை அந்தத் தாள்களின் யாழ்ப்பாண மாவட்டச் செய்திகளில்தான் தேடவேண்டும். கிளிநொச்சி என்ற தலைப்பைத் தேடி ஏமாறுகிறவர் கைவைப்பது பிழையான இறாக்கையில்.

பிரசாரத் தாள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. ஈழநாதம் புலிகள் இயக்கத்தின் பக்கம் நின்ற நாளேடு. 1990 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, 1995 இன் பெரும் இடம்பெயர்வுக்குப் பின் வன்னிக்கு வந்து, 2009 வரை அச்சானது. அதன் போர்ச் செய்தியை மற்றத் தரப்புச் செய்தியோடு ஒட்டிப் பார்க்காமல் யாரும் நம்பவேண்டாம். ஆனால் லேக் ஹவுசை 1973 இல் அரசு கையேற்ற பிறகு தினகரனும் அரசின் தாள்தானே? அதைக் குப்பையில் போடச் சொன்ன ஆய்வாளர் ஒருவரையும் நான் கண்டதில்லை. தலைப்புச் செய்தி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மரண அறிவித்தல் சாய்வதில்லை. இறந்தவரின் பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிள்ளைகள் போய்ச் சேர்ந்த நாடு எல்லாம் அதில் ஒரே பத்தியில் இருக்கும். இடப்பெயர்வின் வழியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் ஆவணம் எது?

தாளே ஒரு சாட்சி. போர்க்காலத்தில் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது அச்சுத்தாளும் மையும் வராமல் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. செய்தியை வாசிக்க முன்பே தடை கண்ணுக்குத் தெரியும். அத்தகைய பிரதிகளைத் தட்டச்சுச் செய்து வைத்தால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாளோடு படம் பிடிக்கவேண்டும்.

எல்லாம் அழிந்தது என்பது பாதி உண்மை. 2009 சனவரியில் பரந்தன், தர்மபுரம், விசுவமடு என்று முல்லைத்தீவு வீதி நெடுக உயிரைக் கையில் பிடித்துப் போன சனம் பழைய பேப்பர் கட்டையா தூக்கியிருக்கும்? ஈழநாதம் ஊழியர்கள் சிலரும் போரின் அந்த இறுதி மாதங்களில் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் ஒரு தாள் அழிய அதன் அத்தனை பிரதிகளும் அழியவேண்டும். ஈழநாடு அலுவலகம் 1981 யூன் முதல் நாள், யாழ் நூலகம் எரிந்த அதே வன்முறையில் எரிந்தது. அதற்கு முந்திய ஈழநாடு இதழ்களை இன்று ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் வாசிக்கலாம். ஈழநாதம் இதழ்கள் சிலவும் அங்கே உண்டு. மிச்சத்தை 2002 இல் ஏ9 பாதை திறந்தபின் வன்னிக்கு வந்து போனவர்களிடம் கேட்கவேண்டும். வவுனியாவிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அவர்களுடைய வீட்டு அலுமாரிகளைத் திறந்து பார்க்காமலே, எல்லாம் அழிந்தது என்பவர்கள் முடிவை எழுதிவிட்டார்கள்.